வெளிவராத பழைய பாட்டுகளை மீட்டெடுக்க: கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீட்டைக் காலி செய்து தொடர்மாடிக்குப் போகிறவர்கள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கசெட் பெட்டி ஒன்று கட்டாயம் வெளியே வரும். பெரும்பாலும் சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும். நடுவில், பேனையால் 'ரிகர்சல்', 'அண்ணா பாட்டு', 'ரேடியோ சிலோன்' என்று எழுதிய இரண்டு மூன்று கிடக்கும். இந்தக் கட்டுரை அந்த இரண்டு மூன்றைப் பற்றியது.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு கசெட் ரெக்கோடர் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மெல்லிசைப் பாடல்களுக்கு இடம் கொடுத்திருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப்பிசைப் பாட்டுகள் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தன. அவர்களைக் கேட்டு கிட்டார் தூக்கியவர்கள், கோயில் மேடையில் பாடியவர்கள், பாடசாலை விழாவுக்கு மெட்டுப் போட்டவர்கள் பலர். அவர்கள் பாடிப் பதிந்ததில் கடைக்கு வந்தது கொஞ்சம். இந்தியத் திரைப்பாட்டோடு மோதி உள்ளூர்ப் பாட்டை விற்பது லேசான காரியமாக இருக்கவில்லை. அப்புறம் 1983 ஜூலை வந்தது. குழுக்கள் கலைந்தன, ஆட்கள் கடல் கடந்தார்கள், கசெட்டுகள் மட்டும் பெட்டிக்குள் தங்கின.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நாலு நாளில் சத்தத்தைச் சுத்தம் செய்து யூடியூபில் போட்டுவிட்டு, பிறகுதான் பாடியவர் யார் என்று தேடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் நாடாவில் இருப்பதை அப்படியே ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, உரியவர்களைத் தேடிக் கேட்க வேண்டும். மெருகு போடுவது கடைசியில்தான். நாடாவும் பழுதாகிக்கொண்டே போகிறது, பாடியவர்களுக்கும் வயது ஏறுகிறது. மெருகு மட்டும்தான் காத்திருக்கும்.

கையில் என்ன இருக்கிறது?

டெக்கில் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கசெட்டின் இரண்டு பக்கம், உள்ளே இருக்கும் அட்டை, அட்டையின் பின்பக்கம், பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டுக் கடதாசி, எல்லாம். கையெழுத்தை வாசிக்க முடியாவிட்டாலும் படம் இருக்கட்டும். அந்த வீட்டில் யாராவது ஒரு பெரியம்மா "இது இன்னாருடைய எழுத்து" என்று சொல்லிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கசெட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தட்டையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கோட் பொத்தானை அமத்தினாலும் பழைய பதிவின் மேல் ஏறாது.

வழக்கமான கசெட் என்றால் பயமில்லை. சில வகைகளில்தான் கவனம் வேண்டும்.

கசெட்டைப் போட்டுக் கேட்டால் எல்லாம் மந்தமாக, பாதி வேகத்தில் ஊர்கிறது, மறுபக்கம் திருப்பினால் பாட்டு பின்னோக்கி ஓடுகிறது என்றால், நாடா பழுது என்று எறிந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் நாலு தடப் பதிவு. 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கசெட்டிலேயே நாலு தடத்தையும் ஒரே திசையில், இரண்டு மடங்கு வேகத்தில் பதிகிற கருவி அது. வீட்டில் இருந்து பாட்டுச் செய்தவர்கள் பலர் இந்த வகைக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள். இப்படி ஒன்று கிடைத்தால் நல்ல காலம்: குரல், கிட்டார், தாளம் எல்லாம் தனித்தனியாக இருக்கக்கூடும். அதே வகைக் கருவியை யாரிடமாவது இரவல் வாங்கி எடுப்பதே சரியான வழி. சாதாரண டெக்கில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து, ஒன்றைத் திருப்பி, வேகத்தைக் கூட்டி ஒட்டலாம்தான். ஆனால் இரண்டும் ஓட ஓட விலகிப் போகும், அவற்றை இழுத்துப் பொருத்தவே நாட்கணக்கு ஆகும்.

பெரிய சுருள் நாடா என்றால் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றின் ஊடாக வெளிச்சம் கசிந்தால் அது பழைய அசிட்டேட் நாடா. வினாகிரி வாடை அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது. வெளிச்சம் புகாவிட்டால் பொலியெஸ்டர். 1970கள், 80களில் வந்த சில பொலியெஸ்டர் நாடாக்களில் காந்தப் பூச்சைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். ஓட்டினால் கீச்சிட்டு, பூச்சு உரிந்து, நாடாவில் இருப்பதை வாசிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். இதைச் சுமார் 54 பாகை செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்துத் தற்காலிகமாகச் சரிக்கட்டுகிற முறை ஒன்று உண்டு. சூடு ஒரே சீராக நிற்கிற கருவி அதற்கு வேண்டும், அசிட்டேட் நாடாவை அப்படிச் சூடாக்கவே கூடாது. சமையலறை அவனில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். சுருள் நாடாவை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள், அவ்வளவுதான்.

டிஜிட்டலாகப் பதிந்த டாட் நாடா, சீடி-ஆர் இருந்தால் அவற்றை வரிசையில் முதலாவதாக எடுங்கள். கசெட் வயதானால் மெல்ல மெல்ல மங்கும். இவை நேற்று வரை பாடிவிட்டு இன்று ஒரேயடியாக வாயை மூடிவிடும்.

பூஞ்சணம்

கொழும்பின் புழுக்கத்தில் இது தப்பாது. கசெட்டின் கண்ணாடிப் பக்கத்தால் நாடாச் சுற்றைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலவோ நூல் போலவோ படிந்திருந்தால் அது பூஞ்சணம். அதை நல்ல டெக்கில் போடாதீர்கள்; டெக்கில் ஒட்டி அடுத்த கசெட்டுக்குப் போகும். தனிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வையுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். ஈரம் இறங்கிய பிறகு, மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கைவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய டெக்கில் மெல்லச் சுற்றவிட்டு, மென்மையான துணியை நாடாவில் படும்படி பிடித்துத் துடைத்தெடுக்கலாம். நாடா ஓடும் நேரத்தில் கையைத் தளர்த்தியே வையுங்கள்.

குளிரூட்டிய அறையில் இருந்து எடுத்து வந்த கசெட்டை உடனே ஓட்ட வேண்டாம். ஒரு நாள் முழுக்க அறையில் கிடக்கட்டும், மேலே பனிக்கிற ஈரம் போகட்டும்.

உள்ளே நாடாவை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் சின்னக் கம்பளிப் பஞ்சு விழுந்துபோயிருப்பது அடிக்கடி காண்கிற பழுது. பாட்டு தூரத்தில் கேட்பது போல மங்கும். கசெட் கூடு ஆணி போட்டதாக இருந்தால் திறந்து, வேறொரு நல்ல கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம். ஒட்டிய கூடாக இருந்தால் கத்தியால் விளிம்பைப் பிளக்க வேண்டும். முதலில் வேண்டாத சினிமாக் கசெட் ஒன்றில் பழகிப் பாருங்கள்.

டெக்

யூஎஸ்பி வயரோடு விற்கிற வோக்மன் போன்ற மலிவுக் கருவிகளை வாங்காதீர்கள். மோட்டர் ஆடும், பாட்டு அலையும். ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதிவதும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது பழைய ஹைஃபை செட்டில் இருந்த நல்ல கசெட் டெக். உறவினர் வீட்டு வரவேற்பறைகளில் சீலை போட்டு மூடி வைத்த டெக்குகள் இன்னும் இருக்கின்றன. வாய்விட்டுக் கேட்டால் கொடுப்பார்கள்.

கிடைத்தாலும் அப்படியே ஓடாது. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இழுபட்டோ, கறுப்புத் தார் போல உருகியோ இருக்கும். பழைய ரேடியோ, அம்ப் திருத்துகிற பாஸ்மார் சிலர் இன்னும் வேலை செய்கிறார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து மின்னணுச் சாமான் கடைகளில் விசாரித்தால் ஒருவர் கையைக் காட்டிவிடுவார். "பாஸ், பெல்ட் மாத்தி, பின்ச் ரோலரையும் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள். நாடாவை இழுத்துக்கொண்டு போகிற அந்த ரப்பர் உருளை இறுகிப் பளபளத்துப் போயிருந்தால் கசெட்டைத் தின்றுவிடும்.

ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்ககோல், போன் திருத்தும் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் தொட்டு, குச்சி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். ஒவ்வொரு கசெட்டுக்கும் முன்னால் இதைச் செய்வது சிரமமாகத் தோன்றலாம். பழைய நாடா ஒன்று ஓடி முடிந்த பிறகு குச்சியில் ஏறுகிற மண்ணிறத்தைப் பார்த்தால் பிறகு நீங்களாகவே செய்வீர்கள்.

ஒரு ஸ்குரூ

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். மென்பொருளுக்குச் செலவழிக்கிற பணத்தைவிட இது அதிகம் தரும்.

பதிந்த கருவியின் ஹெட் எந்தச் சரிவில் நின்றதோ, அதே சரிவில் உங்கள் டெக்கின் ஹெட்டும் நிற்க வேண்டும். மயிரிழை மாறினாலும் மேல் சுரங்கள் மழுங்கும். குரலில் 'ச', 'ஸ' எல்லாம் கம்பளிக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். வீட்டு ரெக்கோடரில் பதிந்த கசெட்டுகள் பல உங்கள் டெக்கோடு ஒத்துப்போகாது. பலர் இதைக் கேட்டு "நாடா போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள்.

டெக்கின் கதவு மூடியைக் கழற்றினால் ஹெட்டின் ஒரு பக்கத்தில் சின்ன ஸ்பிரிங்கோடு ஒரு ஸ்குரூ தெரியும். காந்தம் இல்லாத சின்ன ஸ்குரூடிரைவர் எடுங்கள். முதலில் ஸ்குரூ இருக்கும் நிலையை நிறப் பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை ஓடவிட்டு, இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக ஹெட்போனில் கேளுங்கள். ஜால்ராவோ, கிட்டார்க் கம்பியின் சுண்டலோ கேட்கிற இடமாகப் பார்த்து, ஸ்குரூவை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். சரியான இடத்துக்கு வரும்போது மூடியிருந்த ஜன்னலைத் திறந்தது போலச் சத்தம் முன்னுக்கு வரும். தாண்டினால் மறுபடி மங்கும். அந்த உச்சியில் நிறுத்துங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சரிவு பிழைத்தால் இரண்டு தடமும் நேரத்தால் விலகி, கலக்கும்போது மேல் சுரங்களை ஒன்றையொன்று அழித்துவிடும். காதுக்குத் தெளிவாகப் பிடிபடும்.

கசெட்டுக்குக் கசெட் இதை மாற்ற வேண்டும். சிலவேளை ஒரே கசெட்டின் இரண்டு பக்கத்துக்கும் வேறுவேறாக இருக்கும்.

கணினிக்குள்

டெக்கின் லைன் அவுட்டில் இருந்து, சத்தத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து லாப்டொப். மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி போதும். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 35 மெகாபைட் பிடிக்கும். அறுபது நிமிடக் கசெட் ஒன்று ஏறத்தாழ 2 ஜிகாபைட். இன்றைய ஹாட் டிஸ்க்குக்கு இது ஒரு பாரமே இல்லை. சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் அளவை வையுங்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம், வெட்டுப்பட்ட உச்சியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இரைச்சலாக 'உம்ம்' என்று கேட்டால் லாப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இடி மின்னல் நாட்களில் வேலையை ஒத்திப் போடுங்கள்.

நாடா இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பொத்தானை அணைத்து ஒரு தடவை எடுங்கள். அட்டையில் டொல்பி என்று குறித்திருந்தாலோ, சத்தம் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தாலோ, போட்டு இன்னொரு தடவை எடுத்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கத்தையும் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை, வெறும் இரைச்சல் உட்பட எடுங்கள். பாட்டுக்கு நடுவில் "சுருதி கொஞ்சம் இறக்குங்கோ", "இன்னொருக்கால் எடுப்பம்" என்று யாரோ சொல்வது, பின்னால் ரயில் போவது, இவை எல்லாம் மூலக் கோப்பில் இருக்கட்டும். எந்த வீடு, எந்த ஆண்டு, கூட இருந்தது யார் என்பதைப் பிறகு இந்தப் பேச்சை வைத்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். வானொலிச் செய்தி ஒரு வரி பின்னால் கேட்டாலே நாள் கிடைத்துவிடும். பக்கத்தின் முடிவு வரை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தார்கள். புதுப் பதிவு முடிகிற இடத்தில் பழையது தலையை நீட்டும்.

இந்தக் கோப்பில் இனிக் கை வைக்கவே கூடாது. இதன் பிரதியில்தான் வேலை.

வேகமும் கட்டையும்

வீட்டு ரெக்கோடர்கள் சரியான வேகத்தில் ஓடியது அபூர்வம். கசெட்டின் நியம வேகம் செக்கனுக்கு 4.76 சென்டிமீற்றர். பற்றரி இறங்க இறங்க மோட்டர் மந்தமாகும். அப்படிப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால், பாட்டுப் போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே வரும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. முதலாவது, மின்சார இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சுவர் மின்சாரத்தில் பதிந்த கசெட்டுகளில் அந்த 'உம்ம்' நாடாவிலேயே பதிந்திருக்கும். ஓடாசிட்டியின் அதிர்வெண் வரைபடத்தில் அது 52இல் தெரிந்தால், பாட்டு நூற்றுக்கு நாலு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அது அரைச் சுரத்துக்கும் குறைவுதான். ஆனால் குரலின் நிறம் மாறிவிடும், ஆள் வயது குறைந்தவர் மாதிரிக் கேட்பார். ஒரு கவனம்: டெக்கை நிறுத்திய பிறகும் அந்த 'உம்ம்' கேட்டால் அது உங்கள் அறையின் இரைச்சல். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது வழி, பாடியவரின் கட்டை, அதாவது அவர் வழக்கமாகப் பாடும் சுருதி. கர்நாடக முறையில் பழகியவர் என்றால் அவர் எந்தக் கட்டையில் பாடுவார் என்று வீட்டிலோ மாணவர்களிடமோ கேட்டால் உடனே சொல்வார்கள். அம்மா எப்போதும் ஐந்தரைக் கட்டை என்று மகள் சொல்கிறார், பதிவில் ஆறைத் தொடுகிறது என்றால் விஷயம் விளங்கிவிட்டது. ஹார்மோனியமோ கீபோர்டோ கூட வாசித்திருந்தால் இன்னும் நல்லது. அவை பாடகரைப் போல இடம் மாறுவதில்லை. இரண்டு வழியும் ஒரே விடையைத் தந்தால் நம்பி மாற்றுங்கள்.

மெருகு

இங்கேதான் பாட்டுகள் அதிகம் கெடுகின்றன. இரைச்சல் நீக்கும் கருவிகள் பலவும் இரைச்சலின் மாதிரி ஒன்றைக் காட்டச் சொல்லும். அதைப் போன்றதைப் பாட்டு முழுக்கத் தேடி அழித்துவிடும். நம் இசையில் சுருதிப் பெட்டியும் தம்புராவும் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒரே மாதிரி ஒலிக்கின்றன. பாட்டுக்கு முன்னால் இருக்கும் 'அமைதியை' மாதிரியாகக் கொடுக்கும்போது அதில் சுருதி ஒலித்துக்கொண்டிருந்தால், கருவி சுருதியையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு பாட்டு முழுக்க அரித்துவிடும். பாடகர் அந்தரத்தில் நிற்பார். சுருதி தொடங்குவதற்கு முந்திய ஒரு செக்கன், அரைச் செக்கன் நாடா இரைச்சலைத் தேடி எடுங்கள்.

குறைப்பதும் கொஞ்சமாக இருக்கட்டும், ஆறு டெசிபெல் அளவில். ஓடாசிட்டியில் எது நீக்கப்படுகிறது என்பதை மட்டும் தனியே கேட்க ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கேளுங்கள். அதில் குரலின் மூச்சோ மிருதங்கத்தின் சாப்பு ஒலியோ கேட்டால் அளவு மீறிவிட்டது. மின்சார இரைச்சலுக்கு வேகத்தைச் சரிசெய்த பிறகு 50, 100, 150 ஹேர்ட்ஸ் இடங்களில் ஒடுக்கமாக வெட்டுங்கள். வேகத்தைச் சரிசெய்யாமல் வெட்டினால் வெட்டு வேறிடத்தில் விழும்.

குரலையும் வாத்தியத்தையும் பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. பீட்டில்ஸ் குழு 1990களில் எடுத்துப் பார்த்துக் கைவிட்ட ஜோன் லெனனின் பழைய கசெட் பாட்டு ஒன்று, குரலைப் பியானோவில் இருந்து பிரித்தெடுக்க முடிந்ததால் 2023இல் வெளிவந்தது. நம் பதிவுகளிலும் உதவும், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவை பெரும்பாலும் டிரம்ஸ், பேஸ், குரல், மிச்சம் என்று மேற்கத்தேயப் பாட்டுக்கு ஏற்றபடி பிரிக்கின்றன. குரலை ஒட்டி வாசிக்கும் வயலின் குரலோடு கலந்து வரும், தபேலா பாதி டிரம்ஸிலும் பாதி பேஸிலும் போய்ச் சேரும். கிட்டார்ப் பாட்டு, பொப்பிசை என்றால் நன்றாகவே பிரியும். குரல் அமுங்கிக் கிடக்கிற இடத்தில் அதைச் சற்று உயர்த்துவதற்குப் பயன்படுத்துங்கள்.

புது டிரம்ஸ், புது கீபோர்ட் சேர்த்து 'இந்தக் காலத்துக்கு' மாற்றுவது பற்றிக் கேட்பார்கள். உயிரோடு இருக்கும் பாடகரே விரும்பினால் தாராளமாகச் செய்யலாம், பழையது ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டையும் வெளியிடலாம். இறந்தவரின் குரலை எடுத்து அவர் பாடாத வரியைக் கணினியால் பாட வைப்பதற்கு என்னுடைய பதில் 'வேண்டாம்' என்பதுதான். அவர் எதைப் பாடினார், எப்படிப் பாடினார் என்பதற்கு அந்தக் கசெட் ஒன்றுதான் சாட்சி.

உரியவர்கள்

கசெட் உங்கள் கையில் இருப்பதால் பாட்டு உங்களுடையதாகிவிடாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அவர்களின் வாழ்நாள் முழுக்கவும், இறந்து 70 ஆண்டு வரையும் உரிமை உண்டு. இதற்குப் பதிவு எதுவும் வேண்டியதில்லை, எழுதியவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. 1990இல் காலமான ஒருவரின் வரிகள் 2060 முடியும் வரை அவர் வாரிசுகளுக்குச் சொந்தம். பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும், ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்து பொறுப்பேற்றவருக்கும் 50 ஆண்டுக் கணக்கில் தனி உரிமை உண்டு. வானொலி நிலையத்தில் பதிந்தது என்றால் சுதந்திர சதுக்கத்தில் இருக்கும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். வானொலியில் போனதை வீட்டில் பிடித்த கசெட்டும் இதில்தான் அடங்கும். சினிமா மெட்டுக்குப் புதுச் சொல் போட்ட பாட்டு என்றால் மெட்டின் சொந்தக்காரர் வேறு. யூடியூபின் உரிமை கண்டறியும் முறை அதைப் பிடித்துவிடக்கூடும். பணம் சம்பந்தப்பட்டால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

ஆட்களைத் தேடுவது எப்படி? கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு நடை போங்கள். 1942இல் தொடங்கியது, நூலகமும் உண்டு. அங்கே நடக்கும் கூட்டங்களுக்கு வருகிற மூத்தவர்களிடம் பெயரைச் சொன்னால் "அவர் இப்ப லண்டனில், தம்பி ஒருத்தர் தெஹிவளையில்" என்று வழி திறக்கும். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களில் நிகழ்ச்சிச் செய்திகள், மரண அறிவித்தல்கள் பார்க்கலாம். மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயரும் நாடும் இருக்கும்.

போன் எடுத்தவுடன் 'ரைட்ஸ்' என்று தொடங்க வேண்டாம். "சேர், நீங்கள் பாடின ஒரு பாட்டு எங்கள் வீட்டுக் கசெட்டில் இருக்கிறது, கேட்கிறீங்களா?" என்று கேட்டு, சுத்தம் செய்யாத பிரதியை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேட்டு முடித்துவிட்டு அவர்களே திருப்பி எடுப்பார்கள். அந்த அழைப்பில் வயலின் வாசித்தது யார், எங்கே பதிந்தது, ஏன் வெளிவரவில்லை எல்லாம் வரும். அனுமதி கேட்டு, அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு ஒரு பக்கக் கடிதம். தமிழிலேயே இருக்கலாம். பாட்டின் பெயர் அல்லது முதல் வரி, பதிந்த காலம், யார் யார், எங்கெங்கே வெளியிடப் போகிறீர்கள், பெயர்கள் எப்படிப் போடப்படும், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு, பிற்காலத்தில் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா. கையொப்பமும் திகதியும். ஒரு பாட்டுக்கு மூன்று பிள்ளைகள் வாரிசு என்றால் மூன்று பேரும் ஒப்பமிட வேண்டும். மூத்த மகன் சம்மதித்தால் போதும் என்று விட்டால் பிறகு சண்டை வரும்.

சிலர் மறுப்பார்கள். இருபது வயதுக் குரலை இப்போது வெளியே விட மனம் இல்லாதவர்கள் உண்டு. போர்க்காலத்தில் பாடியதற்குப் பெயர் போட வேண்டாம் என்பவர்கள் உண்டு. காரணம் கேட்டு நெருக்காதீர்கள். சுத்தமான பிரதி ஒன்றை அவர்களுக்கே கொடுத்துவிட்டு விடுங்கள். சிலர் ஓரிரு வருடம் கழித்துத் தாங்களாகவே அழைக்கிறார்கள்.

வெளியீடு

ஸ்போட்டிஃபை போன்ற தளங்களுக்கு நேரே ஏற்ற முடியாது, ஒரு இணைய விநியோக நிறுவனம் வழியாகப் போக வேண்டும். இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் எப்படி அனுப்புகிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டும், பன்னிரண்டு எழுத்து இலக்கம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு கிடைக்கும், அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஸ்போட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும், ஆகவே இன்றைய பாட்டுகளோடு போட்டி போட்டு உரப்பைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை. மோனோவில் பதிந்ததை மோனோவாகவே விடுங்கள்.

பெயர் விபரத்தில் சோம்பல் வேண்டாம். தபேலா வாசித்தவர், கிட்டார் வாசித்தவர், பதிந்தவர், கசெட்டை இத்தனை காலம் பாதுகாத்த வீட்டார், எல்லாரும் வர வேண்டும். பாட்டுக்குக் கீழே 'வீட்டுப் பதிவு' என்றும் ஆண்டையும் போடுங்கள். ஆண்டு நிச்சயமில்லை என்றால் '1980களின் தொடக்கம்' என்று எழுதினால் போதும். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் போன்ற ஓரிடத்தில் சின்னக் கூட்டம் வைத்துப் போட்டுக் காட்டினால், கேட்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் தன் வீட்டுக் கசெட்டைப் பற்றிச் சொல்வார். அடுத்த வேலை அப்படித்தான் வரும்.

வெளியிட்டாலும் விடாவிட்டாலும், தொடாத மூலக் கோப்பு மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: உங்கள் ஹாட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வகைச் சேமிப்பில் ஒன்று, வேறு வீட்டிலோ வேறு நாட்டிலோ ஒன்று. உரியவர்கள் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்கு என்றே நடத்துகிறார்கள், ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறார்கள். கோப்போடு கசெட்டின் படங்களும், நீங்கள் எழுதிய கொப்பியின் பக்கமும், வேகத்தை எவ்வளவு மாற்றினீர்கள் என்ற குறிப்பும் போகட்டும்.

கசெட்டை எறிய வேண்டாம். ஒரு பக்கத்துக்கு முழுதாகச் சுற்றி, பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் போட்டு, ஸ்பீக்கரில் இருந்து தள்ளி வையுங்கள். வீட்டாருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது இலக்கம் எழுதிய துண்டையும் உள்ளே விடுங்கள். உங்களைவிட நல்ல டெக்கும் நல்ல காதும் உள்ள ஒருவர் பிறகு வந்து திரும்ப எடுக்க விரும்பினால், எந்தக் கசெட் என்று அவர் தேடி அலைய வேண்டியிருக்காது.